வலது முழங்காலின் அளவு

தம்பி, வெள்ளவத்தையிலிருந்து அம்மா எழுதுகிறேன். முதலில் பிள்ளைகளின் கெட்டித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என் பேனை ஓடாது என்பது உனக்குத் தெரியும். அக்காவின் மூத்தவள் சீனியர் சோதனையில் தேறிவிட்டாள். கணக்கில் அவளுடைய பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். பெறுபேறு வந்த அன்று தெஹிவளையிலிருந்து ரயிலேறி வந்து, ஸ்ரேசனிலிருந்து எங்கள் வீடுவரைக்கும் குடையை விரிக்க மறந்து மழைக்குள் ஓடிவந்தாள். நடுவிலாள் சரஸ்வதி பூசைக்குத் தேவாரம் பாடி ஒரு குத்துவிளக்குப் பரிசு வாங்கியிருக்கிறாள். இடையில் ஒரு வரி மறந்துபோய்விட்டதாம். மறந்தது ஒருவருக்கும் தெரியாதபடி முதல் வரியையே இன்னொரு தரம் உருக்கமாகப் பாடிவிட்டாள். அந்தச் சமர்த்து எங்கள் பக்கத்தது. சின்னவன் ஓட்டப் போட்டியில் ஒரு வெள்ளிக் கோப்பை எடுத்தான். முட்டை வைக்கிற அளவுதான், ஆனாலும் கோப்பை கோப்பைதானே. இவர்கள் எல்லாருக்கும் மேலே நீ. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்தி பெற்ற பிள்ளை, இங்கிலாந்தில் ஒரு மோட்டார்க் கம்பனியில் வெள்ளைக்காரரோடு ஒரே அறையில் இருந்து, ஒரு குடும்பம் முழுக்கப் போகக்கூடிய சின்னக் கார் ஒன்றைத் தாளில் கீறுகிறான். இதைக் கீரைக்காரிக்குச் சொல்லிவிட்டேன். பஸ் கொண்டக்டருக்கும் சொல்லிவிட்டேன். சொன்னவர்களுக்கே திரும்பச் சொல்கிறேன் என்று அக்கா ஏசுகிறாள்.

இவ்வளவும் முதல் பக்கம். நான் உனக்கு எழுதும் கடிதத்தின் முதல் பக்கத்தை அப்பா வாங்கி வாசித்து, பிழை திருத்தித் தருவது வழக்கம். மற்றப் பக்கங்களை அவர் தொடுவதில்லை. பெண்டுகளின் கதை என்று விட்டுவிடுவார். இன்றைக்கும் வாசித்துவிட்டார். "எங்கட பக்கத்துச் சமர்த்து எண்டு எழுதியிருக்கிறீர். எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "என்ரை பக்கம்தான்" என்றேன். சிரித்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். அவர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இந்த இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். முதலில் தடி ஊன்றுகிற சத்தம், பிறகு ஒரு அடி, பிறகு ஒரு இழுப்பு. தம்பி, அந்த இழுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்பாவின் வலது முழங்கால் மடங்காது. மடங்காமல் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. உனக்கு நான் எழுதவில்லை.

நடந்தது இதுதான். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தவர், ரயில் நிற்கும்வரை பொறுக்காமல் வெள்ளவத்தை ஸ்ரேசனில் குதித்திருக்கிறார். முப்பது வருடம் குதித்து இறங்கின இடம். அன்றைக்குக் கடல் பொங்கி மேடை முழுவதும் தண்ணீர்; வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தார். கட்டை அவிழ்த்தபோது கால் நீட்டினது நீட்டினபடியே நின்றுவிட்டது. எலும்பு அப்படியே ஒட்டிக்கொண்டது என்றார்கள். எண்ணெய் போட்டேன், ஒத்தணம் கொடுத்தேன், கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். ஒன்றுக்கும் அது இளகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அப்பா சொன்னது ஒன்றுதான். "பொடியனுக்கு எழுதவேண்டாம். கீறிக்கொண்டிருக்கிறதைப் போட்டிட்டுக் கப்பலேறிடுவான். ஓம் எண்டு சொல்லும்." நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு உனக்குப் போன ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா சுகம், அப்பா சுகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. பசிக்கிறது, தூங்குகிறார், அரசாங்கத்தைப் பற்றி உரத்துக் கதைக்கிறார். கால் மட்டும்தான்.

நீ அப்பாவின் அளவைக் கேட்டு எழுதியபோது ஏன் கேட்டாய் என்று எனக்கு உடனே விளங்கியது. உனக்கு அப்போது ஏழு வயது. பொரளை மாமா புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கி, எங்களை எல்லாம் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு ஏற்றிப் போனார். முன்னால் மாமாவும் மாமியும். பின்னால் நான், அக்கா, அப்பா, அப்பாவின் மடியில் நீ. ஆறடி மனிதர் தலையைக் குனிந்து, முழங்கால் நாடியில் முட்ட, உன்னையும் பிடித்துக்கொண்டு அடங்கியிருந்தார். கோட்டையைத் தாண்டுவதற்குள் அவருக்குக் கால் விறைத்துவிட்டது. "நிப்பாட்டும் மச்சான், நான் நடந்து வாறன்" என்றார். மாமா திரும்பிப் பார்த்து, "அடுத்த முறை அத்தானைக் கழட்டித்தான் ஏத்தவேணும், ரெண்டு துண்டா" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்பா வேட்டியை உதறிக்கொண்டு வெயிலில் தெருவோரம் நடந்து வந்தார். நீ பின் கண்ணாடியால் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாய். கோயில் வாசலில் இறங்கினதும் என்னைப் பார்த்து, "நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?" என்று கேட்டாய். நான் உன் மூக்கைத் துடைத்துவிட்டேன். என் சகோதரனின் காரில் ஏறியிருந்த பெருமையில் சிரித்தேன் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? இப்போது சொல்கிறேன்.

ஆகையால், உன் கம்பனி ஒரு சின்னக் கார் செய்யப்போகிறது, பின் இருக்கையைக் கீறுகிற வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்கள், பெரிய மனிதன் ஒருவன் முட்டாமல் இருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்க அப்பாவின் அளவை அனுப்புங்கள் என்று நீ எழுதியபோது, அந்தப் பின் கண்ணாடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ அச்சொட்டான பிள்ளை. கதிரையில் இருத்தி, முதுகிலிருந்து முழங்கால்வரை, முழங்காலிலிருந்து குதிவரை, இருக்கிற இடத்திலிருந்து உச்சந்தலைவரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தாய். இரண்டு காலும் ஒரே அளவாக இராது, வலதையும் இடதையும் வேறு வேறாக அளவெடுங்கள் என்று கீழே கோடும் போட்டிருந்தாய்.

தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கதிரையில் இருந்தார். இடது கால் நிலத்தில் மடங்கியிருந்தது. வலது கால், எதிரே வைத்த ஒரு முக்காலியின்மேல் நீட்டியிருந்தது. இடது காலை அளந்து எழுதினேன். பிறகு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வலதுக்கும் இடதின்ரை அளவையே போடும்" என்றார். எனக்கு ஒரு சமர்த்து வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நீ சந்தேகப்படுவாய் என்று, வலது காலுக்குக் கால் அங்குலம் குறைத்து எழுதினேன். அந்தக் கால் அங்குலத்தை எழுதினபோது என் பேனை தயங்கவில்லை, தம்பி. அதுதான் இப்போது என்னை வருத்துகிறது. முதற் பக்கத்தில் சொன்னேனே, எங்கள் பக்கத்துச் சமர்த்து என்று; அது இதுதான்.

பிறகு வந்த உன் கடிதங்களில் அந்தக் கார் வளர்ந்துகொண்டே வந்தது. சக்கரங்களைச் சின்னதாக்கி நாலு மூலைக்கும் தள்ளினோம், அதனால் உள்ளே இடம் வந்தது என்று எழுதினாய். முழு அளவில் மரத்தால் ஒரு கார் செய்து வைத்திருக்கிறோம், எங்கள் கம்பனிப் பெரியவர் தொப்பியோடு அதில் ஏறி இருப்பார், தொப்பி முட்டினால் கூரையை உயர்த்தச் சொல்வார் என்று எழுதினாய். ஒவ்வொன்றையும் வீட்டில் உரத்து வாசித்தோம். அப்பாவின் அளவுக்கு மரத்தால் ஒரு ஆள் செய்து பின் இருக்கையில் இருத்தியிருக்கிறோம், அறையில் எல்லாரும் அதைச் 'சிலோன் அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று நீ எழுதினதை வாசித்தபோது பிள்ளைகள் குதித்தார்கள். அப்பா வெளிக்கிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அந்த மர ஆளுக்கு இரண்டு முழங்காலும் மடங்கும். என் கையெழுத்தைப் பார்த்துத்தானே அதற்கு மூட்டு வைத்திருப்பீர்கள்.

கடைசிக் கடிதம் வந்தது. கூடவே மடித்து வைத்த நீலத்தாள் வரைபடம். பெரியவர் சம்மதித்துவிட்டார், 'சிலோன் அப்பா'வின் முழங்கால் முட்டாதபடி முன் இருக்கையை மூன்று அங்குலம் முன்னுக்குத் தள்ளிவிட்டோம், இந்த மாத முடிவில் தகடு அழுத்துகிற உருக்கு அச்சு வெட்டப் போகிறது, அதற்குப் பிறகு ஒரு நகக்கண் அளவுகூட மாற்ற முடியாது என்று எழுதியிருந்தாய். கார் வெளியே வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு கப்பலில் வருகிறேன், அப்பா துறைமுக ஜெற்றியில் வந்து நிற்கட்டும், அவரோடு வேலை செய்தவர்களுக்கு முன்னாலேயே பின் இருக்கையில் ஏற்றி, நேரே கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன், இந்த முறை நடக்க விடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அக்கா வாசித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

அப்பா, "கீறிப் பாப்பம்" என்றார். மேசை கதிரைகளை ஒதுக்கச் சொன்னார். மூத்தவள் நீலத்தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டு, சோக்குக் கட்டியால் எங்கள் சீமெந்துத் தரையில் உன் காரை முழு அளவில் கீறினாள். கதவு எங்கே, தூண் எங்கே, முன் இருக்கை எங்கே என்று ஒரு அங்குலம் பிசகாமல் குறித்தாள். முன்னால் இரண்டு கதிரை வைத்தோம், பின்னால் வாங்குப் பலகை. உன் அத்தான், அக்காவின் மனுசன், ஒரு பானை மூடியைப் பிடித்துக்கொண்டு வலது பக்கக் கதிரையில் ஏறி, வாயால் ஹோர்ன் அடித்தார். கதவு இரண்டே இரண்டு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் ஏறுவதென்றால் முன் இருக்கையைச் சாய்த்துவிட்டு, குனிந்து, காலை மடக்கிப் புகவேண்டும். அப்பா குனிந்தார். தலை போனது, இடது கால் போனது. வலது கால் சோக்குக் கோட்டுக்கு வெளியே நின்றது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், பின்பக்கமாக வந்து பார்த்தார். கதவுத் தூணுக்குப் பதிலாக நான்தான் நின்றேன். என் புறங்காலில் இரண்டு தரம் இடித்தார்.

"சரி, முன்னுக்கு இருந்து பாப்பம்" என்று இடது பக்கக் கதிரையில் இருந்தார். காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டிய இடத்தில் காரின் முன்பக்கச் சுவர் இருந்தது. கால் கதவுக்கு வெளியே தெருவில் நின்றது. சின்னவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மப்பாவின்ரை கால் வெளியில நிக்குது!"

"அது சிக்னல் மோனை. இடப்பக்கம் திரும்பப் போறம் எண்டு காட்டுறன்" என்றார் அப்பா.

"அப்ப கதவு பூட்டுறேல்லையோ?"

"எங்கட கார் கதவு பூட்டாமலே ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. மூத்தவள் மட்டும் தரையில் முழந்தாளிட்டு அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, "இந்த முன் சீற் மூண்டே மூண்டு அங்குலம் பின்னுக்கு இருந்திருந்தா, அம்மப்பா காலை நீட்டிக்கொண்டு வடிவா இருக்கலாம்" என்றாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, கணக்கைச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த மூன்று அங்குலத்தை முன்னுக்குத் தள்ளினது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மடங்குகிற காலுக்கென்று நீ பின்னால் இடம் எடுத்தாய். நீட்டின காலுக்கு முன்னால் இருந்த இடம் அதோடு போய்விட்டது.

"இனி அழியுங்கோ" என்றார். தானே குனிந்து அழிக்க அவரால் முடியாதல்லவா. நான் ஈரத்துணியால் துடைத்தேன். முன் இருக்கையின் கோட்டை மட்டும் துடைக்காமல், மேசையை இழுத்து அதற்குமேல் விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. அன்று பின்னேரம் அவர் சொன்னார், "கப்பல் வாற அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லும். ஜெற்றிக்கு நீர் போம்." "எத்தினை நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்?" என்று கேட்டேன். "அவன் திரும்பிப் போகுமட்டும்" என்றார். "எழுதட்டே?" என்றேன். "இவ்வளவு தூரம் வந்திட்டுது. இனி எழுதினா அவன்ரை வேலையைக் கெடுத்தமாதிரி. பெரியவரிட்டை என்னெண்டு சொல்லுவான்? அம்மா பொய் அளவு அனுப்பினவ எண்டோ?" என்றார்.

பன்னிரண்டு நாள் போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருநாள், அப்பாவுக்குச் சொல்லாமல் தபாற்கந்தோருக்குத் தந்தி அடிக்கப் போனேன். தந்தித் தாளை வாங்கினேன். "அப்பாவின் முழங்கால் மடங்காது" என்பதை இங்கிலீசில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த சிங்கள மனிதர், வெளிநாட்டுத் தந்தி என்றதும் எழும்பிக் கிட்ட வந்து, மெதுவாக, "கவுத மளே, அம்மே?" என்று கேட்டார். யார் செத்தது என்று கேட்கிறார். தந்தி என்றால் அதுதானே. உன் அறைக்கு அந்தத் தாள் வந்து, நீ அதைப் பிரிக்கும் முன்னம் உனக்கு எப்படியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது வருடமாக நாங்கள் காணாத பிள்ளை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நே மஹத்தயா, கவுருத் நே", ஒருவரும் சாகவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் யோசித்தேன், அடித்திருக்கலாம் என்று. வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன், அடிக்காதது நல்லது என்று. இப்படியே மற்ற நாட்களும் போய்விட்டன.

இந்தக் கடிதத்தை ஆகாயத் தபாலில் போடுகிறேன். அது உன் கையில் கிடைக்கிற நாளும் அச்சு வெட்டுகிற நாளும் ஒன்றாகவும் இருக்கலாம். ஒருநாள் பிந்தியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. பிந்திப் போனால் பேசாமல் விட்டுவிடு. ஒரு கம்பனியின் காரை ஒரு மனிதனின் காலுக்காக மாற்றுவார்களா, மாற்றச் சொல்லிக் கேட்பது உனக்கு நல்லதா கெட்டதா, அதுவும் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டி வந்தால், அப்பா சொன்னதற்குப் பயப்படாமல் என் பெயரைச் சொல். அளவு எழுதினது அம்மா, பிழை எழுதினதும் அம்மா என்று உங்கள் பெரியவருக்குச் சொல். ஊரில் படிப்பில்லாத மனுசி என்று சொல்லிவிடாதே. படிப்பில்லாமல் வந்த பிழை இல்லை அது. கால் அங்குலம் குறைக்கத் தெரிந்த பிழை.

உனக்கு நான் புத்தி சொல்கிற இடத்தில் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நல்லதை மட்டும் எழுதவேண்டும் என்று நினைத்தோம். நல்லதை மட்டும் வாசித்த நீ, அந்த நல்லதை வைத்து ஒரு காரைக் கட்டிவிட்டாய். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது தூரத்தில் இருந்து உன்னை ஏதும் கேட்டால், உள்ளதை எழுது. அது அழட்டும். கப்பலேறி வரட்டும். வந்தால் என்ன? நீ வந்திருந்தால் என்ன என்று இந்த ஒரு வருடமாக எத்தனை தரம் நினைத்துவிட்டேன். உன் கடிதங்களையும் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். நீயும் ஒவ்வொன்றிலும் சுகம், சுகம் என்றே எழுதுகிறாய். எங்கள் பிள்ளைதானே. நீ எந்தக் கால் அங்குலத்தைக் குறைத்து எழுதுகிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விறாந்தையில் தடிச் சத்தம் கேட்கிறது. அப்பா முத்திரை ஒட்டினேனா என்று கேட்பார். முடிக்கிறேன். உன்னுடைய படம் என்று எங்களிடம் இருப்பது நீ அங்கே போன புதிதில் வந்த அந்த ஒன்றுதான். ஓவர்கோட்டுக்குள் முகம் பாதிதான் தெரிகிறது. அதற்குப் பிறகு நீ காரைத்தான் படமெடுத்து அனுப்புகிறாய். ஒரு புதுப் படம் அனுப்பு, ராசா. அந்த மர ஆளை இறக்கி வைத்துவிட்டு, முன்னால், சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் நீயே ஏறி இரு. வலது காலை மடக்காமல் நீட்டு. கதவு திறந்தபடி இருக்கட்டும், இடுப்பிலிருந்து பெருவிரல்வரை தெரியவேண்டும். படம் வந்ததும் மேசையை நகர்த்திவிட்டு மூத்தவளைக் கூப்பிட்டு, கீழே இருக்கிற அந்தச் சோக்குக் கோட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்கிறேன். தொப்பி போடாதே. முகமும் முழுக்கத் தெரியவேண்டும்.